கிளாஸ்கோ தட்டிலிருந்து ஓர் இலச்சினை

எங்கள் ஊர் ஒன்றியத்தின் பாரிஸ் கிளைக்கு இலச்சினை ஒரு பீங்கான் தட்டிலிருந்து வந்தது. தட்டு கிளாஸ்கோவிலிருந்து வந்தது. அதற்கு முன் அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நான் வேலை செய்யும் அச்சகம் லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் மேல்முனையில், ஒரு நகைக்கடைக்கும் ஒரு கைபேசிக் கடைக்கும் நடுவே இருக்கிறது. கலியாண அழைப்பிதழ், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டுப் பதாகை, மரண அறிவித்தல் என்று மனித வாழ்க்கையின் எல்லாக் கட்டங்களையும் நான்கு வர்ணத்தில் அச்சிடுகிறோம். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பதினொரு ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தேன். அங்கிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து, யாராவது எதையாவது சொன்னால் "ஆர் சொன்னது?" என்று கேட்கும் பழக்கம். இந்தப் பழக்கத்தால் பாரிசில் எனக்கு நண்பர்கள் குறைவு.

ஒன்றியத்தின் தலைவர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், புடவைக்கடைப் பையில் சுற்றிய தட்டோடு அச்சகத்துக்கு வந்தார். பிள்ளையை மடியில் இருத்துவதுபோல் அதை என் மேசையில் வைத்தார்.

"இதைப் பாரும். ஸ்கொட்லாந்து ராச பரம்பரைச் சின்னம். கிளாஸ்கோவிலை இருக்கிற என்ரை அத்தான் தேடி எடுத்து அனுப்பினவர்."

"எங்கை தேடினவர்?"

"அங்கை ஒரு கடையிலை."

பிறகு தெரிந்தது, அது பழைய சட்டைகளும் காது உடைந்த கோப்பைகளும் விற்கும் தருமக் கடை. ராச பரம்பரை அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று அத்தானும் விசாரிக்கவில்லை.

தட்டின் நடுவில் ஒரு கேடயம். அதில் வீட்டுக் கூரை போல ஒரு பட்டை, பட்டையைச் சுற்றி மூன்று கோட்டைகள். பட்டையின் மேல் ஒரு கவராயமும் மூலைமட்டமும் ஒன்றையொன்று பார்த்தபடி. கீழே ஆங்கில ஏ எழுத்துப் போல ஒரு சட்டம், அதன் உச்சியிலிருந்து தொங்கும் ஒரு நூல், நூலில் ஒரு குண்டு. கேடயத்துக்கு மேலே பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம், அதன் கையில் ஏதோ ஒரு கரண்டி. சிங்கத்துக்கும் மேலே கதிர் வீசும் ஒற்றைக் கண். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு வாசக நாடா.

லண்டன் கிளைக்கு இலச்சினை இருக்கிறது. ரொறன்ரோ கிளைக்கு இரண்டு இருக்கின்றன, ஏனென்றால் ரொறன்ரோவில் கிளையும் இரண்டு. பாரிசுக்குத்தான் ஒன்றும் இல்லை. ஆண்டு விழாவுக்கு ஆறு கிழமைதான் இருந்தது. மேடைக்குப் பின்னால் பன்னிரண்டு அடிப் பதாகை தொங்க வேண்டும், அதன் நடுவில் இலச்சினை இருக்க வேண்டும். இதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை.

அந்தக் கிழமையே நிர்வாகக் கூட்டம் நடந்தது. மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையத்துக்கு அருகே, ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் ஒன்றியத்தின் அலுவலகம் இருக்கிறது. தட்டு கைமாறிக் கைமாறிச் சுற்றிவந்தது. எட்டுப்பேர் பார்த்தார்கள். எட்டுப்பேருக்கும் அது என்னவென்று உடனே விளங்கிவிட்டது.

"இது கல்விச் சின்னம்," என்றார் செயலாளர். அவர் முன்பு ஊரில் கணித ஆசிரியர், இங்கே ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறார். "கவராயம், மூலைமட்டம். கொம்பாஸ் பெட்டி எல்லே? வெள்ளைக்காரனும் படிப்புக்குத்தான் முதலிடம் குடுத்திருக்கிறான்."

ஏ எழுத்துச் சட்டத்தைப் பார்த்து ஒருவர், "இது சோதினையிலை எடுக்கிற ஏ சித்தி," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சிறிது நேர யோசனைக்குப் பிறகு இன்னொருவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். "ஒரு ஏ காணாது. சாதாரண தரச் சோதினைக்கு ஒன்பது பாடம். ஒன்பது ஏ போடுங்கோ." இதை நான் கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் கேலி செய்யவில்லை. இடம் போதாது என்று சொல்லித்தான் ஒரு ஏ-யோடு நிறுத்தினேன்.

கண்ணைப் பற்றி விவாதமே இல்லை. அது நெற்றிக்கண். ஸ்கொட்லாந்துக்காரர் ஆதியில் சைவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று பொருளாளர் கேட்டார். சிங்கத்தின் கையிலிருந்த கரண்டி அகப்பை ஆனது. அகப்பை என்றால் அன்னதானம்.

சிங்கத்தில்தான் கூட்டம் நின்றது.

"சிங்கமோ? எங்கடை மேடையிலையோ?" என்றார் பொருளாளர். "சனம் செருப்பாலை எறியும்."

"இது ஸ்கொட்லாந்துச் சிங்கம்," என்றார் தலைவர். "இலங்கைக் கொடியிலை நிக்கிற அந்தச் சிங்கம் வேறை."

"தூரத்திலை பாக்கிறவனுக்கு எல்லாம் ஒரே சிங்கம்தான் அண்ணை."

நாற்பது நிமிடம் கழித்து, சிங்கத்தை எடுத்துவிட்டு நந்தியை வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆனால் தட்டில் இருந்த கம்பீரம் போகக்கூடாது. எனவே நந்தி பின்னங்காலில் எழுந்து நிற்க வேண்டும், முன்னங்காலில் அகப்பை பிடிக்க வேண்டும். குளம்பால் எப்படிப் பிடிப்பது என்று கேட்டேன். அது என்னுடைய துறை என்று சொல்லிவிட்டார்கள்.

உச்சியிலிருந்த நாடாவைக் கீழே இறக்கி "கல்வி, ஒற்றுமை, உயர்வு" என்று எழுதச் சொன்னார்கள். ஒற்றுமை இரண்டாவதா மூன்றாவதா என்பதில் இருவர் ஒருவரோடொருவர் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் கூட்டம் நடந்த அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்புவரை அது ஈரம் ஒழுகும் களஞ்சியம். அதைத் திருத்தியவர் வன்னியிலிருந்து வந்த ஒருவர், நாற்பது வயது இருக்கும். அவருடைய தாயார் எங்கள் ஊர்க்காரி என்பதால் ஒன்றியத்தில் உறுப்பினர். பகலில் பாரிசின் கட்டட வேலைத்தலங்களில் கல் கட்டுவார், பூசுவார், தரைக்கல் பதிப்பார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தன் சாமான்களோடு வந்து அந்த அறையின் சுவரைப் பூசி, தரைக்கல் பதித்து, படியையும் கட்டிக் கொடுத்தார். ஒன்றியத்துக்குச் செய்யும் சேவை என்று சொல்லி எதுவும் வாங்க மறுத்துவிட்டார்.

அதற்குப் பதிலாகத் தலைவர் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். ஆண்டு விழாவில் மங்கள விளக்கு ஏற்றும் ஐந்து பேரில் அவரும் ஒருவர்.

விளக்கேற்றலுக்கு எங்களிடையே என்ன பெறுமதி என்று வெளியாருக்குச் சொல்வது கடினம். குத்துவிளக்குக்கு ஐந்து முகம். ஐந்து முகத்துக்கு ஐந்து பெயர். அந்த ஐந்து பெயரும் அழைப்பிதழில் வரும், ஒலிவாங்கியில் வாசிக்கப்படும், வீடியோவில் நிற்கும். யார் யார் என்பதை முடிவு செய்ய, இலச்சினைக்குச் செலவழித்ததைவிட அதிக கூட்டங்கள் தேவைப்படும். வைத்தியர் கட்டாயம் வருவார். கணக்காளர் வருவார். தமிழ்ப்பள்ளி நிர்வாகி வருவார். தலைவர், விழா நடத்துபவர் என்ற முறையில், அடக்கமாகக் கடைசித் திரியை எடுத்துக்கொள்வார். தரைக்கல் பதிக்கும் ஒருவர் அந்தப் பட்டியலில் வந்தது எனக்குத் தெரிய அதுவே முதல் தடவை.

அவர் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மனைவியும் மகளும் ஒன்பது வருடம் காத்திருந்து அந்த வசந்தத்தில்தான் பிரான்சுக்கு வந்திருந்தார்கள். கணவர் இங்கே யாராக இருக்கிறார் என்று அந்த மனைவிக்கு இன்னும் தெரியாது. முல்லைத்தீவில் தாயார், அயல்வீட்டுக் கைபேசியில் விழாவை நேரலையில் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்.

நான் அழைப்பிதழின் முதற்படியில் அவருடைய பெயரை நான்காவதாகக் கோத்தேன்.

அதே நாட்களில், பழக்கதோசத்தால், தட்டின் பின்புறத்தைப் பார்த்தேன். அங்கே சிறிய எழுத்தில் ஓர் ஊரின் பெயரும் ஓர் இலக்கமும் இருந்தன. அதை வைத்துத் தேட இரண்டு மாலை போதுமாக இருந்தது. ராச பரம்பரை இல்லை. ஸ்கொட்லாந்தில் ஒரு சிறிய நகரத்து பிரீமேசன் சங்கக் கிளையின் சின்னம் அது. பிரீமேசன்கள் என்பது உலகமெங்கும் கிளை பரப்பிய ஒரு சகோதரத்துவ அமைப்பு. கூட்டங்களை மூடிய கதவுக்குள் நடத்துவார்கள். அந்த நாட்டில் அவர்களுடைய கிளைகள் பழைய கல்தச்சர் கூட்டங்களிலிருந்து வளர்ந்தவை. ஆகவே கேடயத்தில் இருந்தது கொம்பாஸ் பெட்டி அல்ல. கல்லை அளக்கும் கவராயம், மூலை பார்க்கும் மட்டம், நூல் குண்டால் தரை பார்க்கும் மட்டச் சட்டம். சிங்கம் பிடித்திருந்தது சாந்து பூசும் கரண்டி. சில நூற்றாண்டுகளுக்கு முன் பிரபுக்களும் சட்டத்தரணிகளும் இந்தத் தொழிலாளர் சங்கத்தில் சேர ஆசைப்பட்டு, தொழிலாளியின் தோல் ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். பிறகு உள்ளே கல்தச்சர் குறைந்து பிரபுக்கள் கூடினார்கள். இந்தப் பகுதி மட்டும் எங்கள் ஒன்றியத்தின் வரலாறு போலவே இருந்தது.

இன்னொன்றும் வாசித்தேன். ஸ்கொட்லாந்தில் கேடயச் சின்னம் என்பது ஒருவருக்கோ ஓர் அமைப்புக்கோ பதிந்து கொடுக்கப்படும் உடைமை. இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்த முடியாது. அதைக் கவனிக்கவென்றே அங்கே ஒரு நீதிமன்றம் இருக்கிறது. அந்தச் சட்டம் பாரிஸ் வரை நீளாது என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

இவற்றை ஒரு தாளில் எழுதி, தலைவரின் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். பிரபுக்கள் என்ற சொல்லில் அவருடைய கண் நின்றது.

"அப்ப பெரிய ஆக்கள் இருந்த இடம்."

"ஓம். ஆனா அது மேசன்மாற்றை சாமான் அண்ணை. கல்லுக் கட்டிற ஆக்களின்ரை."

"அது அங்கை," என்றார் தலைவர். "இஞ்சை அது கல்வி. கூட்டத்திலை தீர்மானிச்சாச்சு."

பத்திரிகையில் இருந்த காலத்தில் திருத்தம் வெளியிட மறுத்த ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தீர்மானம் நிறைவேற்றி ஒரு பொருளின் அர்த்தத்தை மாற்றியவரை அப்போதுதான் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை, அறையைத் திருத்திய மேசன் அச்சகத்துக்கு வந்தார், தன் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க. கையில் சீமெந்து வெடிப்பு. திரையில் இலச்சினை இருந்தது. தன் பெயரை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்.

"அண்ணை, இது எங்கடை சாமான் எல்லே?"

"ஓம்."

"மூலைமட்டம். மட்டச் சட்டம். இது சாந்து கரண்டி." திரையைத் தொடாமல் விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். "மாட்டின்ரை கையிலை ஏன் குடுத்தவை?"

"அது பெரிய கதை."

"அந்த அறை வேலையை நினைச்சுத்தான் போட்டிருக்கினம் போலை," என்றார். "சொல்லவே இல்லை பாத்தீங்களோ. நான் இவையளைப் பிழையா நினைச்சிட்டன்."

நான் திருத்தவில்லை. பதினொரு ஆண்டுத் துணை ஆசிரியர் வாழ்க்கையையும் சேர்த்து, ஒரு பிழையைத் தெரிந்தே விட்ட சில தருணங்களில் இதுவும் ஒன்று.

அவர் ஆனால் என்னுடைய பிழையைக் கண்டுபிடித்தார். ஏ எழுத்துச் சட்டம் நேராக நின்றால் உயிரில்லாமல் இருக்கிறதென்று, வடிவுக்காக அதை வலப்பக்கம் சற்றுச் சரித்திருந்தேன். நூலும் குண்டும் அதோடு சேர்ந்து சரிந்துவிட்டன.

"சட்டம் சரியலாம் அண்ணை. குண்டு சரிஞ்சு தொங்குமோ? காத்தடிக்குதோ?"

ஒன்றியத்தின் எட்டு நிர்வாகிகளும் நானும் மூன்று கிழமை பார்த்த படம் அது. நூலை நேராக்கினேன். சட்டத்தையும் நிமிர்த்தினேன்.

திங்கட்கிழமை தலைவர் அழைப்பிதழின் முதற்படியைத் திருப்பி அனுப்பினார். நான்காவது பெயர் சிவப்பு மையால் வெட்டப்பட்டு, அந்த இடத்தில் அத்தானின் பெயர் இருந்தது. "ஸ்கொட்லாந்துத் தொழிலதிபர்" என்ற அடைமொழியோடு. அத்தான் ஒரு பெற்றோல் நிலையத்தின் கடையை நடத்துகிறார். உடனே தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, அவருக்கு வாக்குக் குடுத்தது."

"தெரியும். ஆனா அத்தான் தட்டுத் தந்தவர். விளக்குக்கு ஆறு முகம் இல்லையே." குரலைத் தணித்தார். "மற்றது, மேடையிலை டொக்டர் நிப்பார், எக்கவுண்டன் நிப்பார். நடுவிலை ஒரு மேசன் நிண்டா, விளங்கும்தானே உமக்கு."

"பின்னாலை தொங்கிற பனர் முழுக்க மேசன் சாமான் அண்ணை."

"நீர் எழுதின பேப்பரை ஆருக்கும் காட்டாதையும்," என்றார் தலைவர். "அவருக்கு நீரே பக்குவமாச் சொல்லிவிடும். உம்மிலை அவருக்கு மரியாதை."

பக்குவமாகச் சொன்னேன். அதாவது மெத்ரோ வாசலில், வேலை முடிந்து வந்தவரை நிறுத்தி, மூன்று வசனத்தில் சொன்னேன். அவர் முதலில் தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு, "விளக்கு அஞ்சு முகம்தானே," என்றார். சிறிது தூரம் நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன் அண்ணை. இப்ப என்னெண்டு சொல்லுறது?"

அழைப்பிதழ் மறுநாள் அச்சுக்குப் போனது. முந்நூறு கிராம் தாள், தங்க விளிம்பு.

விழா பாரிசின் புறநகரான செவ்ரானில், ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. ஐந்து மணி என்று அச்சிட்டிருந்ததால் ஆறரைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பன்னிரண்டு அடிப் பதாகை மேடைக்குப் பின்னால் தொங்கியது. நந்தி இரண்டு காலில் நின்று கரண்டி பிடித்திருந்தது. யாரும் செருப்பு எறியவில்லை. மேசன் மனைவியோடும் மகளோடும் நான்காவது வரிசையில் புதுச் சட்டையில் இருந்தார். மனைவி கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார், மறுமுனையில் முல்லைத்தீவு. தாயாருக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று விளங்கியது.

மேடை பலகைத் துண்டுகளைப் பொருத்திப் போட்டது. இடுப்பளவு உயரமான குத்துவிளக்கு அதில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. எண்ணெய் ஒரு முகத்தால் வழிந்தது, எதிர்முகத்தின் திரி காய்ந்து கிடந்தது. செயலாளர் அடியில் கைக்குட்டை வைத்தார். விளக்கு மறுபக்கம் சாய்ந்தது. பொருளாளர் கைக்குட்டையை எடுத்தார். வைத்தியர், கணக்காளர், நிர்வாகி, அத்தான் ஆகியோர் வரிசையில் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் தலைவர் சபையை நோக்கிக் கையைக் காட்டினார்.

"தம்பி, ஒருக்கா இஞ்சை வாரும்."

மேசன் எழுந்தார். மேடையின் ஓரத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். குந்தி இருந்து, விளக்கின் அகலிலிருந்த எண்ணெயைப் பக்கவாட்டில் பார்த்தார். தண்ணீர்மட்டம் பார்ப்பது போலத்தான். சட்டைப் பையிலிருந்து விழா அழைப்பிதழை எடுத்து இரண்டாக மடித்து, பாதத்தின் ஒரு பக்கம் செருகினார். மீண்டும் எண்ணெயைப் பார்த்தார். இன்னொரு மடிப்பு. விளக்கு நிமிர்ந்தது.

"மெத்தப் பெரிய உபகாரம், நீர் இனி இரும்," என்றார் தலைவர்.

"எண்ணெய் திரியிலை ஏறுதோ எண்டு பாக்க வேணும் அண்ணை."

செயலாளர் பிடித்திருந்த தட்டிலிருந்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை மேசன் எடுத்தார். சபையைப் பார்த்திருந்த முகத்தின் திரியில் அதைப் பிடித்தார். அவசரம் இல்லை. சுடர் நின்றதும் மெழுகுவர்த்தியைத் தட்டில் வைத்து, கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு, இறங்கிப் போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

அறிவிப்பாளர் இங்கே பிறந்த பிள்ளை. தமிழைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருந்த தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "முதலாவது சுடரை ஏற்றி வைப்பவர், வைத்தியர்" என்று வாசித்தார். சபை கைதட்டியது.

ஏற்றிய குத்துவிளக்கை ஊதி அணைக்கும் துணிவு அந்த மண்டபத்தில் யாருக்கும் இல்லை. ஆகவே நான்கு திரி, ஐந்து பிரமுகர். வைத்தியர் ஏற்றினார். கணக்காளர் ஏற்றினார். நிர்வாகி ஏற்றினார். ஸ்கொட்லாந்துத் தொழிலதிபர், மிஞ்சியிருந்த ஒரே திரியை, யோசித்து, ஏற்றினார். தலைவர் விளக்கை ஒரு முறை சுற்றிவந்தார். பிறகு எரிந்துகொண்டிருந்த சுடரிலேயே மெழுகுவர்த்தியைத் தொட்டு, கமராவைப் பார்த்துச் சிரித்தார். வீடியோவில் அது இருக்கிறது.

ஒன்றியத்தின் இணையப் பக்கத்துக்கு விழாச் செய்தி எழுதுவதும் என் வேலைதான். யார், எப்போது, எங்கே, என்ன. முதற் சுடரை ஏற்றியவர் பெயரை, கட்டடத் தொழிலாளி என்ற குறிப்போடு, முதல் வசனத்தில் எழுதினேன். மறுநாள் காலையிலேயே தொலைபேசி வந்தது.

"அதை எடும். அது சும்மா பாத்தது, ஏத்தினதில்லை."

"விளக்கு எரிஞ்சது அண்ணை."

தலைவர், "தொழில்நுட்பக் காரணங்களால் எண்டாவது போடும்," என்றார். நான் போடவில்லை. அடுத்த ஆண்டு விழாச் செய்தியை வேறொருவர் எழுதினார்.

விழா முடிந்து இரண்டு கிழமை கழித்து மேசன் அச்சகத்துக்கு வந்தார். வீடியோவிலிருந்து ஒரு படம் எடுத்து, பெரிதாக அச்சிட்டு, ஊருக்கு அனுப்ப வேண்டும். வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டேன்.

"எண்ணெய் ஏறினதோ எண்டு பாத்தனான்," என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

படத்தைத் திரையில் விரித்தேன். அவர் குந்தியிருக்கிறார், கையில் மெழுகுவர்த்தி, திரியில் சுடர். பின்னால் பதாகை. ஓரத்தில் தலைவர் வாய் திறந்தபடி நிற்கிறார். மேசன் குனிந்து, தன் முகத்தைத் தாண்டி, பதாகையைப் பார்த்தார்.

"குண்டு நேராத்தான் தொங்குது," என்றார்.

"தலைவரை வெட்டி விடட்டோ?"

"வேண்டாம் அண்ணை. அவரும் நிக்கட்டும்."